அத்தாயி பிரேக் மிதித்தால்

அத்தாயியின் பிக்கப் வண்டி பிரேக் பிடிக்கும்போது பின்பக்கம் உதற ஆரம்பித்தது ஒரு புரட்டாசிச் செவ்வாய்க்கிழமை. ஊத்தடி ஜனங்கள் முதன்முதலாகத் தரையை விட்டு ஒரு சாண் மேலே எழும்பியதும் அதே செவ்வாய்க்கிழமைதான். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு என்று ஊர் அரை நாளில் கண்டுபிடித்துவிட்டது. என்ன சம்பந்தம் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. என் வேலை வண்டி.

நெடுங்கல் மலையிலிருந்து நாற்பத்தாறு கொண்டை ஊசி வளைவு இறங்கி முடிகிற இடம்தான் ஊத்தடி. அங்கே வளைவம்மன் கல், கல்லுக்கு எதிரே சம்பூர்ணத்தின் டீக்கடை, கடையை ஒட்டி என் பட்டறை. அத்தாயி விடியலில் மலையேறி, மதியத்துக்குள் பலாவும் வாழைத்தாரும் அன்னாசியும் ஏற்றிக்கொண்டு இறங்குவாள். அந்த ரோட்டில் ஓட்டுகிறவர்களில் அவள்தான் நன்றாக ஓட்டுகிறவள். இதை அவளிடம் நான் சொன்னதில்லை.

அன்றைக்கு டீக்கடை முன்னால் ஒரு ஆடு குறுக்கே வந்தது. அவள் பிரேக்கை மிதித்தாள். வண்டியின் பின்பக்கம் அருள் வந்த உடம்பு மாதிரி தடதடவென்று உதற, அந்த உதறல் ரோட்டில் இறங்கி, ரோட்டிலிருந்து மண்ணுக்குப் போய், மண்ணிலிருந்து வண்டிக்குப் பின்னால் இருந்த எல்லாவற்றுக்கும் ஏறி, பெஞ்சும், பெஞ்சில் உட்கார்ந்திருந்த பஞ்சாயத்துத் தலைவர் குப்பண்ணனும், இரண்டு கோழியும், பஸ்ஸுக்கு நின்ற ஒன்பது பேரும், கொடியில் காய்ந்த சேலையும், சம்பூர்ணமும், சம்பூர்ணத்தின் மேல்கைக் கிளாஸுக்கும் கீழ்கைக் கிளாஸுக்கும் நடுவே ஒரு முழ நீளத்துக்கு இறங்கிக்கொண்டிருந்த டீயும் ஒரே மட்டமாக ஒரு சாண் மேலே போய் நின்றன. சக்கரம் உருளுகிற வரைக்கும் அங்கேயே நின்றன. வண்டி நின்றதும், தூங்குகிற பிள்ளையைத் தொட்டிலில் கிடத்துவது போல எல்லாம் தரைக்கு வந்தன. ஒரு சொட்டு சிந்தவில்லை.

தண்ணித் தொட்டி மோட்டாரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த தலைவர், "அதனால மோட்டாரு நாளைக்குத்தான் வரும்" என்று பேச்சை மேலேயே முடித்தார்.

"ஏனுங் தலைவரே, மேல இருந்து பாத்தீங்களே, என்ற கூரைல ஓட்டை எங்க இருக்குதுன்னு தெரிஞ்சுதுங்களா?" என்றாள் சம்பூர்ணம்.

"ஒரு சாணுல கூரை தெரியுமா? இன்னொருக்கா போனாப் பாக்கறேன்."

அவ்வளவுதான் ஊர் ஆச்சரியப்பட்டது.

அத்தாயி நேராகப் பட்டறைக்கு வந்தாள். சேலைக்கு மேலே சட்டை, சட்டைப் பையில் ஸ்பானர். எப்போதும் அப்படித்தான்.

"அங்கப்பண்ணா, பிரேக் மிதிச்சா உதறுதுங்."

"எங்கே?"

"பின்னாடிங்."

"ஸ்டியரிங் ஆடுதா, சீட்டு ஆடுதா?"

"சீட்டுங். இடுப்புல ஏறிப் பல்லு வரைக்கும் வருது. ஸ்டியரிங் செவனேன்னு இருக்குது."

ஸ்டியரிங் ஆடினால் முன்பக்கம், சீட்டு ஆடினால் பின்பக்கம். பாதி வேலை முடிந்தது.

"ஆளுகளும் மேல போறாங்கண்ணா."

"அதை விடு அம்மிணி. அது உதறலுக்கு வந்த உபத்திரவம். உதறல் எங்கிருந்து வருதுன்னு பாப்பம்."

வீல் நட்டு எல்லாம் முறுக்கிப் பார்த்தேன். ரோட்டில் ஓட்டி பிரேக் அடித்தேன். உதறியது; ஊர் எழும்பியது. பின் டயர் இரண்டையும் கழற்றி மாற்றிப் போட்டேன். உதறியது, எழும்பியது. அடுத்த நாள் யூ போல்ட், அதற்கடுத்த நாள் பட்டையின் புஷ், பிறகு ஜாயின்ட் கிராஸ், பிறகு கிரவுனில் ஆட்டம் இருக்கிறதா என்று கீழே படுத்து இரண்டு மணி நேரம். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஓட்டம், ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு எழும்பல். நான்காம் நாள் பட்டறையை விட்டு வண்டியை வெளியே எடுக்கும்போது ரோட்டோரத்தில் நூற்று நாற்பது பேர் நின்றார்கள், தலை வாரி, பூ வைத்து, முகத்துக்குப் பவுடர் போட்டு.

"எங்கே கிளம்பிட்டீங்க எல்லாரும்?"

"மேலைக்குத்தாங்" என்றார்கள்.

அப்புறம் ஊத்தடி எழும்பலுக்குப் பழகிய வேகம் சொன்னால் நம்பமாட்டீர்கள். ஒரே வாரத்தில் அத்தாயி இறங்குகிற நேரம் மதியச் சங்கு ஆகிவிட்டது. முழங்கால் வலிக்காரர்களுக்குச் செவ்வாய், முதுகு வலிக்காரர்களுக்கு வியாழன், வலி எதுவும் இல்லாமல் சும்மா போகிறவர்களுக்கு ஞாயிறு என்று தலைவர் கிழமை பிரித்தார். வேட்டி கட்டுகிறவர்கள் உள்ளே கட்டாயம் டவுசர் போட்டு வரவும் என்று பஞ்சாயத்துப் பலகையில் எழுதி வைத்தார். எழுதும்படி ஆனதற்குக் காரணமும் அவரே. நாலு ஆள் சேர்ந்து அசைக்க முடியாத ஆட்டுக்கல்லை ஒருத்தி ஒற்றை விரலால் தள்ளிக்கொண்டு எதிர்வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். ஒரு கிணற்றுக்காகப் பதினோரு வருஷம் பேசாமலிருந்த அண்ணன் தம்பி இரண்டு பேர் மேலே போனதும் பயத்தில் ஒருத்தரை ஒருத்தர் பிடித்துக்கொண்டு, கீழே வந்த பிறகும் கையை விட மறந்து, அப்படியே கிணற்றடிக்குப் போய்க் குளித்துவிட்டு வந்தார்கள். பெண் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளை வீட்டார், "பொண்ணு எத்தனை உசரம்?" என்று கேட்க, "மத்தியானம் பாக்கறீங்களா, சாயங்காலம் பாக்கறீங்களா?" என்று பெண்ணே திருப்பிக் கேட்டாள். கல்யாணம் நிச்சயமானது. பூனைகளுக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. எழும்புவது தங்கள் தொழில் என்று நினைத்தனவோ என்னவோ, மொத்தமாகப் பக்கத்து ஊருக்குப் போய்விட்டன.

எழும்புகிற உயரமும் கூடிக்கொண்டே வந்தது. முதல் வாரம் ஒரு சாண். இரண்டாம் வாரம் முழங்கால். நான்காம் வாரம் இடுப்பு. வேகம் அதேதான், இருபத்தைந்து. ஊர் கொண்டாடியது. ஐப்பசி முடிவதற்குள் தென்னை உயரம் வந்துவிடும், ஏணி இல்லாமல் தேங்காய் பறிக்கலாம் என்று கணக்குப் போட்டார்கள்.

நான்காம் வாரத்தில் ஒரு நாள் அத்தாயி வண்டியை நிறுத்திவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தாள். போய்ப் பார்த்தேன். ஸ்டியரிங்கைப் பிடித்த கை இன்னும் விடவில்லை.

"முப்பத்தொண்ணாம் வளைவுண்ணா" என்றாள். "அந்த ஒரு வளைவு கியர்ல மட்டும் நிக்காது, பிரேக் மிதிச்சே ஆகோணும். மொத நாள் பின்னாடி ஒரு விரக்கடை தூக்குச்சு. சரி, கல்லுல ஏறிருச்சாட்ட இருக்குதுன்னு விட்டுட்டேன். இன்னைக்கு ஒரு முழம். பின் சக்கரம் ரெண்டும் ரோட்டை விட்டுப் போச்சுங். வால் பள்ளத்துப் பக்கம் போகுதுங்ணா."

சமதரையில் பாரம் வண்டியின் பின்பக்கத்தை அழுத்திப் பிடித்திருக்கும், சக்கரம் மேலே போகாது. இறக்கத்தில் எடையெல்லாம் முன்னுக்குப் போய்விடும், பின்பக்கம் லேசாகிவிடும். லேசானதை எழும்பல் விடுமா? கீழே ஊருக்கு உயரம் கூடக் கூட மேலே அவளுக்கும் கூடியது.

"அடுத்த வாரம் ரெண்டு முழம் ஆகுமுங்ளே. வால் போனா தலையும் கூடப் போகோணுமல்லங்."

மலைக்குப் போகாதே என்றேன். மேலே காட்டில் வெட்டிப் போட்ட பழம் காத்திருக்காது, பழம் போட்டவர்கள் இவளை நம்பித்தான் வெட்டுகிறார்கள் என்றாள். அதுவும் சரி.

அன்றைக்குத்தான், முதல் நாளே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். ஊரே அந்தரத்தில் நின்றால் மெக்கானிக் புத்தியும் கொஞ்சம் மேலே போய்விடுகிறது. வண்டியைச் சமதரையில் இருபத்தைந்தில் விட்டு, பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டு, ஹேண்ட்பிரேக்கின் பொத்தானை அமுக்கிப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தேன். ஹேண்ட்பிரேக் பின் சக்கரத்தை மட்டும்தான் பிடிக்கும். உதறியது. கண்ணாடியில் பார்த்தேன், சம்பூர்ணத்தின் கோழி இரண்டும் இடுப்பு உயரத்தில் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன. பின் சக்கரத்து பிரேக் டிரம்தான். வேறெதுவும் இல்லை.

கழற்றினேன். உள்ளே நீலம் நீலமாகச் சூட்டுத் திட்டு. வட்டமாக இருக்க வேண்டிய டிரம் முட்டையாகியிருந்தது. கைவசம் வேறு இல்லாததால் அதையே திரும்ப மாட்டினேன். ஏன் ஆனது என்று தெரிந்துகொள்ள, அடுத்த நாள் அவள் இறங்கி வருகிறபோது பட்டறை வாசலில் நின்று பார்த்தேன். பிறந்ததிலிருந்து பார்க்கிறதுதான். அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது.

மலையிலிருந்து பத்திரமாக இறங்குகிற வண்டி வளைவம்மன் முன்னால் நின்று, பின் சக்கரத்துக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்ற வேண்டும். இது ஊத்தடி வழக்கம். முன் சக்கரம் வழியைப் பார்த்து வருகிறது, பின் சக்கரம் நம்பி வருகிறது, நம்பி வந்தவனுக்குத்தான் தண்ணீர் என்பார்கள். மற்ற டிரைவர்கள் அவசரத்தில் ஒரு கை தெளித்துவிட்டுப் போவார்கள். அத்தாயிக்குப் பக்தி ஜாஸ்தி, முப்பத்தோராம் வளைவு மேல் பயமும் ஜாஸ்தி. ஹேண்ட்பிரேக்கை இறுக்கி இழுத்துவிட்டு, சக்கரத்துக்கு ஒரு குடம் ஊத்துத் தண்ணீர் முழுதாகக் கொட்டுவாள். புஸ்ஸென்று ஆவி கிளம்பும். அம்மன் மூச்சு விடுகிறாள் என்று கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். நாற்பத்தாறு வளைவு இறங்கிக் கொதிக்கிற டிரம், பிரேக் லைனர் இறுக்கிப் பிடித்த இடத்தில் ஒரு சூடு, தண்ணீர் விழுந்த இடத்தில் ஒரு சூடு. கோணாமல் என்ன செய்யும்? எல்லா ஊரிலும் கோணிய டிரம் உதறும். ஊத்தடியில் கோணியது ஊரைத் தூக்கிற்று.

லேத்தில் கடைந்து சரி செய்கிற கனம் அந்த டிரம்மில் மிச்சமில்லை. புது டிரம் இரண்டைப் பஸ்ஸில் போட்டு அனுப்பச் சொன்னேன். பஸ் வந்தது, டிரம் வரவில்லை. தலைவர் குப்பண்ணன் முன்னாலேயே போய்ப் பார்சலை இறக்கி, பஞ்சாயத்து ஆபீஸ் பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை அரைஞாணில் கோத்துக்கொண்டார்.

பட்டறை முன்னால் ஊர் கூடியது. வளைவம்மன் பூசாரி செங்கோடனையும் கூட்டி வந்திருந்தார்கள்.

"அங்கப்பா, மாத்தாதே" என்றார் தலைவர். "அடுத்த மாசம் கலியாணம் வெச்சிருக்குது. அந்தரத்துல தாலி கட்டறதுன்னு பத்திரிகையே அடிச்சாச்சு."

"பத்திரிகையைத் திருத்து."

"அம்மன் தூக்கறாப்பா" என்றான் செங்கோடன். "நீ ஸ்பானரைப் போடறது தெய்வக் குத்தம்."

"உன்ற அம்மன் கீழ தூக்கறா, மேல தள்ளறா. ரெண்டுல எது அம்மன்?"

"முப்பது வளைவுக்கு மேல நடக்கறது எங்களுக்கு எப்படிங் தெரியும்?" என்றாள் சம்பூர்ணம். பொய் இல்லை. நிஜமாகவே தெரியாது. இடுப்பு உயரம் எழும்பியும் அத்தனை தூரம் யாருக்கும் கண் எட்டவில்லை.

அத்தாயி போய் வண்டியின் பின்கதவைத் திறந்தாள்.

"ஏறுங்" என்றாள்.

"எங்கே அம்மிணி?"

"மேலைக்குத்தாங். ஆசைதானுங்ளே எல்லாருக்கும்."

வேண்டாம் என்று நான் கத்தினேன். என் பேச்சை யார் கேட்டார்கள்? தலைவரும் செங்கோடனும் சம்பூர்ணமும் மட்டும் ஏறினார்கள். மிச்சப் பேருக்கு அந்த நிமிஷம் வீட்டில் வேலை வந்துவிட்டது. நான் முன்னால் அத்தாயி பக்கத்தில். முப்பத்திரண்டாவது வரைக்கும் ஏற்றி, வண்டியைத் திருப்பி, ஒரே ஒரு வளைவு இறங்கினாள். நடந்து போகிறவன் முந்திப் போகலாம், அவ்வளவு மெதுவாக. முப்பத்தொன்று வந்தது. மிதித்தாள்.

சீட்டு உதறியது, என் பல் உதறியது, பிறகு பின்பக்கம் முழுக்க ஒரு பெருமூச்சு மாதிரி மேலே எழுந்தது. சக்கரம் ரோட்டைத் தேடிச் சும்மா சுழன்றது. வாசல்படியில் நின்று தெருவை எட்டிப் பார்க்கிற மாதிரி வண்டியின் வால் மெல்லப் பள்ளத்தை எட்டிப் பார்த்தது. பின்னால் ஏறின மூன்று பேரும் வண்டிக்கும் மேலே இடுப்பு உயரம் போயிருந்தார்கள். அவர்களுக்குக் கீழே ரோடு இல்லை. ரோடு இருந்த இடத்தில் ஆயிரத்து எழுநூறு அடி காற்று, காற்றுக்கு அடியில் உள்ளங்கை அளவுக்கு ஊத்தடி.

"என்ற ஊட்டு ஓடு நாலு கழண்டிருக்குது" என்றார் தலைவர், மிக மெதுவாக.

"ஐயோ, அடுப்புல பாலு!" என்றாள் சம்பூர்ணம்.

செங்கோடன் எந்த அம்மனையும் கூப்பிடவில்லை. "அத்தாயி, அத்தாயி, அத்தாயி" என்று மட்டும் சொன்னான்.

அவள் காலை எடுத்தாள். வால் தொப்பென்று விழுந்தது, ஒரு டயர் ரோட்டில், ஒரு டயர் பாதி ரோட்டில். மூன்று பேரும் வண்டிக்குள் விழுந்தார்கள். முதல் கியரில் இழுத்துப் பிடித்து, உள்பக்கம் ஒடித்து, மலையோடு உரசி நிறுத்தினாள். டயர் தள்ளிவிட்ட கல் ஒன்று பள்ளத்துக்குப் போனது. விழுந்த சத்தத்துக்காக எல்லாரும் காத்திருந்தோம். வரவேயில்லை.

"தினமும் இந்த வளைவுதானுங்" என்றாள் அத்தாயி.

தலைவர் அரைஞாணிலிருந்து சாவியை அவிழ்த்தார். முடிச்சு அவிழவில்லை. அரைஞாணையே அறுத்து என் கையில் கொடுத்துவிட்டார். அங்கிருந்து கீழே வரைக்கும் மூன்று பேரும் நடந்தே வந்தார்கள்.

அன்று சாயங்காலம் டிரம் இரண்டும், புது லைனரும் மாட்டினேன். தண்ணீருக்கு என்ன வழி என்று செங்கோடன் அம்மனிடம் பூக்கேட்டான். டிரம் ஆறின பிறகு ஊற்றினால் போதும், ஹேண்ட்பிரேக் போடாமல் சக்கரத்துக்குக் கல் வைத்தால் போதும் என்று சம்மதமாக வெள்ளைப் பூ விழுந்தது. ஆறுகிற நேரத்துக்கு டிரைவர்கள் டீ குடிக்கட்டும் என்று சம்பூர்ணம் சொன்னாள். அதற்குப் பூக்கேட்கவில்லை.

மறுநாள் அத்தாயி முழு லோடோடு இறங்கினாள். யாரும் யாரையும் கூப்பிடவில்லை, ஆனால் ஊர் முழுக்க ரோட்டோரம் வந்து நின்றது. முழங்கால் வலியும் முதுகு வலியும் ஒன்றும் இல்லாததும் கிழமை பார்க்காமல் கலந்து நின்றன. மலையில் வளைவுக்கு ஒரு ஹாரன் அடிப்பது வழக்கம். காற்றில் சன்னமாகக் கேட்கும். நாற்பத்தாறு. நாற்பத்தைந்து. எண்ணினோம், சத்தமாக, எல்லாரும் சேர்ந்து. முப்பத்திரண்டு வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. கோழி கூடக் கொக்கரிக்கவில்லை. தலைவர் துண்டை வாயில் கடித்துக்கொண்டார். சம்பூர்ணம் டீயை ஒரு கிளாஸிலிருந்து இன்னொரு கிளாஸுக்கு மாற்றி மாற்றி ஆற்றி, அது பச்சைத் தண்ணீராகி, அதையும் ஆற்றிக்கொண்டிருந்தாள்.

பாம்ம்.

"முப்பத்தொண்ணு!" என்று ஊர் கத்தியது மேலே அவளுக்கே கேட்டிருக்கும். முப்பது, இருபத்தொன்பது என்று அதற்கப்புறம் எண்ணியதெல்லாம் பாட்டு.

வந்தாள். டீக்கடை முன்னால் மிதித்தாள். வாழைத்தண்டில் அரிவாள் இறங்கின மாதிரி வண்டி நின்றது. ஒருத்தரும் எழும்பவில்லை. ஒரு கிளாஸ் எழும்பவில்லை. இருநூறு ஜோடிக் கால் மண்ணில் அழுத்தமாக நின்றது. எல்லாரும் அவரவர் காலைக் குனிந்து பார்த்துக்கொண்டோம்.

"எப்படி?" என்றேன்.

"உதறலைங்ணா."

"முப்பத்தொண்ணு?"

"நாலு சக்கரமும் ரோட்டுல இருந்துச்சுங். ஹாரன்தான் லேட்டா அடிச்சேன், அழுதுட்டு இருந்தனா."

இறங்கினாள். வண்டியைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனாள். ஐந்து வாரம் ஊர் நின்று எழும்பிய இடத்தில் போய் நின்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. தலைவர் போனார், பூசாரி போனான், கோழி போனது, சாணி அள்ள வந்த கூடை போனது, நானே இரண்டு தரம் போயிருக்கிறேன். மிதித்தவள் ஒருத்திதான் ஒரு நாளும் போகவில்லை.

அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள். இரண்டு காலையும் சேர்த்து ஒரு குதி குதித்தாள். கீழே வந்தாள். மறுபடியும் குதித்தாள்.

"ஒரு சாண் இருக்குமாங்ணா?"

"அரைச் சாண்."

"போதுமுங்" என்று மூன்றாம் தரம் குதித்தாள். சிரித்தாள், மூச்சு வாங்கினாள், மறுபடி குதித்தாள். சம்பூர்ணம் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு வந்து குதித்தாள். கிணற்று அண்ணன் தம்பி குதித்தார்கள், கல்யாணப் பெண் குதித்தாள், தலைவர் டவுசர் போட்டிருக்கிறோமா என்று தடவிப் பார்த்துவிட்டுக் குதித்தார், பிறகு ரோடு முழுக்க, கிழமை இல்லாமல், முறை இல்லாமல், எழும்புவதும் விழுவதுமாக இருநூறு பேர்.

நான் வண்டியின் பின்பக்கத்தில் கை வைத்துப் பார்த்தேன். நடுங்கியது. குனிந்து டிரம்மைத் தொட்டேன், பட்டையைத் தொட்டேன், அப்புறம் தரையைத் தொட்டேன். வண்டியில் ஒரு குறையும் இல்லை. ஊர்தான் உதறிக்கொண்டிருந்தது.